இடது தோளில் மூன்று அடுக்கு

1

நான் ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது என்பதை ஓர் அரசாங்கக் கடிதம் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், இன்னின்ன தாள்களோடு வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். கூட இருந்த படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் என் பேனா நின்றுவிடும்.

தையல்காரி என்று எழுத எனக்கு இங்கே உரிமை இல்லை. அதற்கு மூன்று வருடப் பயிற்சி, பரீட்சை, முத்திரை குத்திய சான்றிதழ் எல்லாம் வேண்டும். வந்த புதிதில் கைத்தொழில் அலுவலகத்துக்குப் போய், ஓசூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஐந்து வருடம் சாம்பிள் தைத்தவள் என்று சொன்னேன். அதற்குத் தாள் இருக்கிறதா என்றார்கள். என்னிடம் இருந்தது கம்பெனி கேட்டில் காட்டும் அடையாள அட்டை மட்டும். அந்த அதிகாரி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். ஆகவே நான் 'துணி திருத்துபவள்'. பேண்ட்டின் நீளத்தைக் குறைக்கலாம், ஜிப் மாற்றலாம், இடுப்பைப் பிடிக்கலாம். புதிதாக ஒன்றைத் தைத்துத் தருகிறேன் என்று போர்டு மட்டும் வைக்கக் கூடாது.

என் கணவர் யூசுப் ஓசூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷினில் இருந்தவர். கம்பெனி அவரைப் பயிற்சிக்கு இங்கே அனுப்பியது, இங்கே இருந்தவர்கள் அவரை வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து நானும், அப்போது மூன்று வயதாக இருந்த எங்கள் மகள் நஸ்ரினும் வந்து சேர்ந்தோம். ரயில் நிலையத்துக்கு எதிரே, சாவி நகல் எடுக்கும் கடையின் ஒரு பாதியில் என் மெஷின் இருக்கிறது. அந்தப் பாதிக் கடைக்குத்தான் போன குளிர்காலத்தில் ஒரு பழைய சட்டை என்னைத் தேடி வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2

இந்தச் சிறிய ஊருக்கு ஓர் அருங்காட்சியகம் உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு பெண். வீட்டில் நாங்கள் அவரை பிராண்ட் அம்மா என்போம். அவர் ஒரு நாள் கோட்டில் பட்டன் துளை கிழிந்துவிட்டது என்று கொண்டுவந்தார். நான் கையாலேயே காஜா போட்டுக் கொடுத்தேன். பணத்தை மேஜையில் வைத்துவிட்டு அந்தத் துளையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்படி ஒன்றை நான் எங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்" என்றார்.

மறுவாரம் அந்தப் பெட்டியை எனக்குத் திறந்து காட்டினார்.

நானூறு வருடங்களுக்கும் முந்தைய ஆண் சட்டை அது. அந்தக் காலத்தில் இந்த ஊரில் உப்பு வியாபாரம் செய்து, நகரசபையிலும் பெரிய ஆளாக இருந்த ஒருவருடையது. அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் வைத்திருந்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறது. உடம்போடு ஒட்டி, கழுத்துவரை பட்டன் போடும் சட்டை. மேலே பட்டு, நடுவில் கம்பளியும் பஞ்சும், உள்ளே லினன். பட்டின் நிறம் இப்போது பழைய புளி மாதிரி இருந்தது. காலரின் மடிப்புக்குள், வெளிச்சம் படாத இடத்தில் மட்டும் மாதுளைத் தோலின் சிவப்பு மிச்சம் இருந்தது. உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் பட்டுக்கூடு மூட்டைகளுக்கு நடுவே மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போனவள் நான். அதே பட்டைத் தொட இங்கே வெள்ளைக் கையுறை போட வேண்டியிருந்தது.

கோடையில் ஊரில் ஒரு திருவிழா வரப்போகிறது. பழங்கால உடையில் ஊர்வலம் போவார்கள். அந்த உப்பு வியாபாரி உடுத்தியது போலவே ஒரு முழு உடை தைக்க வேண்டும். விழா நாளில் ஒருவர் அணிந்து நடப்பார், பிறகு அது அருங்காட்சியகத்துக்கு வந்துவிடும். விழாக் குழு இதைத்தான் கேட்டிருந்தது. பிராண்ட் அம்மா என் பெயரைச் சொன்னதும் குழுத் தலைவர் முதலில் கேட்டது சான்றிதழைப் பற்றி. "விற்பதற்கு இல்லை, ஆராய்ச்சிக்கு" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு பிராண்ட் அம்மா அதைக் கடந்துவிட்டார்.

சட்டை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மற்றதையெல்லாம் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சட்டையின் கீழ் ஓரத்தில் ஜோடி ஜோடியாக நூலால் கட்டிய துளைகள் இருந்தன. அந்தக் கால ஆண்கள் அந்தத் துளைகளில் நாடா கோத்துக் கால்சட்டையை மேல்சட்டையோடு கட்டிக்கொள்வார்களாம். கால்சட்டை என்றால் தொடை நடுவரை பூசணிக்காய் மாதிரி உப்பியது, அதற்குக் கீழே காலோடு ஒட்டிய துணி உறை. துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால் இடுப்பு கிடைத்தது. இடுப்பு கிடைத்ததும் கொசுவத்துக்கு எவ்வளவு துணி என்று தெரிந்தது. மெல்லிய கண்ணாடித் தாளை மேலே விரித்து, ஒவ்வொரு தையல் கோட்டையும் பென்சிலால் எடுத்தேன். இரண்டு வாரம் மாலை நேரங்களில் அதுதான் வேலை.

அந்த இரண்டு வாரத்தில் அந்த மனிதரை எனக்குத் தெரிந்துவிட்டது. உயரம் என்னைவிட நான்கு விரல் அதிகம் இருக்கும். கொஞ்சம் தொப்பை. வலது முழங்கை மேஜையில் தேய்ந்து தேய்ந்து பட்டு மெலிந்திருந்தது, எழுத்து வேலை செய்தவர். இடது முழங்கையில் மடிப்பே விழவில்லை.

3

இடது தோளில் உள்துணி ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. அதன் வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கம்பளி மூன்று அடுக்கு, படிப்படியாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று வைத்திருந்தது. வலது தோளில் ஓர் அடுக்குதான்.

"அதை விட்டுவிடுங்கள்" என்றார் பிராண்ட் அம்மா. "பிற்காலத்தில் யாரோ நாடகத்துக்காக எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அப்போது வைத்த ஒட்டு அது. பழைய பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது."

சரி என்று தலையாட்டினேன். ஆனால் அது ஒட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். பிரித்துத் தைத்த துணியில் பழைய ஊசித் துளைகள் தனியாகத் தெரியும். இதில் ஒரே ஒரு வரிசைத் துளைதான் இருந்தது. காஜா போட்ட அதே கை, அதே நூல், அதே சாய்வு. இடது கைக்குழியை மட்டும் அடியில் இரண்டு விரல் ஆழமாக வெட்டியிருந்தார்கள். வெட்டும்போதே தெரிந்துதான் வெட்டியிருக்கிறார்கள். அந்த மனிதருக்கு இடது தோள் தாழ்ந்திருந்தது. அது வெளியே தெரியக் கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து, பொறுமையாக, மூன்று அடுக்கு வைத்துத் தைத்திருக்கிறார்.

இதை ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டால், என் அண்ணன் ஜாபரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்கு உத்தனப்பள்ளியில் சின்னத் துணிக்கடை. எழுபதுகளின் கடைசியில், ஓசூரில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தபோது, அண்ணன் அங்கே ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த எட்டாவது மாதம் இரும்புத் தகட்டுக் கட்டு சரிந்து அவன் இடது தோளில் விழுந்தது. எலும்பு கூடியது. ஆனால் தோள் இரண்டு விரல் கீழேயே நின்றுவிட்டது. கையை மார்புக்கு மேல் தூக்க முடியாது. கம்பெனியில் ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

மூன்று பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான்காவதாக சிங்காரப்பேட்டையிலிருந்து வந்தபோது அண்ணன் கடையில் துணிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மேலே ஒரு சால்வை. அத்தா அவனை எழுந்திருக்கவே விடவில்லை. பெண் வீட்டார் திருப்தியோடு போனார்கள்.

கல்யாணக் கோட்டு ஓசூர் பஜாரில் தைத்து வந்தது. போட்டுப் பார்த்தால் இடது பக்கம் துணி தொங்கியது. அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று, திரும்பாமலேயே கேட்டான்.

"மைமூனு, இதுக்கு ஏதாச்சும் பண்ண முடியுமா?"

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். என்னால் முடியும் என்று காட்டும் ஆசையும் இருந்தது. லைனிங்கைப் பிரித்து, பஞ்சை அடுக்கடுக்காக வைத்து, மறுபடி மூடினேன். அண்ணன் போட்டுக்கொண்டு நிமிர்ந்தான். இரண்டு தோளும் சமமாக நின்றன. அத்தா என் தலையைத் தடவிக்கொடுத்தார். நிக்காஹ் போட்டோவில் அவன் ராணுவத்துக்காரன் மாதிரி இருப்பான்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை பத்து மணி இருக்கும். புது அண்ணி ரஹமத் அந்தக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நான் இருந்த இடத்துக்கு வந்தார். லைனிங் ஓரத்தில் பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை யாரு வெச்சது?"

"நான்தாங்க அண்ணி."

கோட்டை ஒழுங்காக மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இருபது வருடம். அண்ணனோடு நன்றாகத்தான் வாழ்ந்தார். ஒரு பெண் பிறந்தாள், சல்மா. அத்தாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அண்ணிதான். என்னிடம் மட்டும் அளந்துதான் பேசுவார். சாப்பிட்டியா, எப்ப ஊருக்கு, புள்ளைக்கு உடம்பு எப்படி. அதற்கு மேல் ஒரு சொல் வராது.

4

ஆகவே நான் பிராண்ட் அம்மாவிடம் சொல்லவில்லை. ஒருவர் ஆயுசு முழுக்க மறைத்த ஒன்றை, நானூறு வருடம் கழித்து எங்கிருந்தோ வந்த நான் எதற்கு வெளியே எடுத்துப் போட வேண்டும் என்று தோன்றியது. யூசுப்பிடம் மட்டும் சொன்னேன். சட்டைக்கு இருபத்தாறு பட்டன் வேண்டும். மரக் குமிழ் செய்து அதன் மேல் பட்டு நூல் சுற்ற வேண்டும். தொழிற்சாலை நண்பர் ஒருவரின் சின்ன லேத்தில் யூசுப் அந்தக் குமிழ்களைக் கடைந்துகொண்டுவந்திருந்தார்.

"செத்துப்போன ஆளுக்கு இதுல என்னா வரப்போகுது?" என்றார் அவர். "சொல்லிட்டுப் போயேன்."

"அவருக்கு ஒண்ணும் இல்லைங்க. எனக்குத்தான்."

அவர் குமிழ்களை ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் தைக்கத் தொடங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. கைக்குழியை அசலில் உள்ளபடி ஆழமாக வெட்டினால், தோளில் ஏதாவது நிரப்பியே ஆக வேண்டும். நிரப்பாவிட்டால் கை சுருண்டு தொங்கும். கைக்குழியை மாற்றி வெட்டலாம். அப்படி வெட்டினால் அது அந்த மனிதரின் சட்டை இல்லை. இரண்டு நாள் கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் அசல்படியே வெட்டினேன். கம்பளியை மூன்று அடுக்காக வைத்து உள்துணியை மூடினேன். பிராண்ட் அம்மாவிடம் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் செய்ததையே முப்பத்தொன்பதிலும் செய்தேன்.

நஸ்ரினுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. பதினான்கு வயது. பள்ளியில் அவள் பெயர் நினா ஆகிவிட்டது. யாரும் வற்புறுத்தவில்லை, அவளே வைத்துக்கொண்டாள். திருவிழாவில் அவள் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்வலம் போவார்கள். "நீ தைச்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லாதே" என்றாள் ஒரு நாள். அவள் தமிழில் வல்லினம் எல்லாம் மெல்ல இளகிவிட்டது. கோபித்துக்கொண்டு பேசினால்கூட யாரோ வெளியூர்ப் பெண் பணிவாகக் கேட்பது போலிருக்கும்.

இருந்தாலும் எனக்கு அவள் வேண்டும். கடையில் பேசும் ஜெர்மன் எனக்கு வரும். கூட்டத்தில் பேசும் ஜெர்மன் வராது.

5

அளவு பார்க்கும் நாள் ஒரு சனிக்கிழமை மதியம். அருங்காட்சியகத்தின் மாடி அறையில் விழாக் குழுவினர் ஐந்து பேர், பிராண்ட் அம்மா, நான், நஸ்ரின். உடையை அணியப்போகிறவர் ஃபோகல் என்ற வங்கிக்காரர். ஏறக்குறைய அந்த வியாபாரியின் அளவுதான், நல்ல நேரான உடம்பு.

கால்சட்டையை ஏற்றி, நாடாக்களைக் கோத்துக் கட்டினேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு பார்த்தார்கள், நன்றாக இருந்தது. பிறகு மேல்சட்டையின் பட்டன்களைக் கீழிருந்து மேலே போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிப் பட்டனைப் போட்டுவிட்டு விலகி நின்றபோது அறையில் பேச்சு நின்றுபோயிருந்தது.

ஃபோகலின் இடது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. காலர் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. தாழ்ந்த தோளை நிமிர்த்துவதற்காகத் தைத்த சட்டை, நேரான மனிதரைக் கோணலாக்கிவிட்டது. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அடுக்கு வைப்பதிலும் மறைப்பதிலுமே புத்தி போயிருந்ததில், இதை நான் நினைக்கவே இல்லை.

ஃபோகல் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, தோளை இறக்க முயன்றார். இறங்கவில்லை.

"சான்றிதழ் கேளுங்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன்" என்றார் குழுத் தலைவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பிராண்ட் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். இந்த வாக்கியம் புரிகிற அளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியும்.

நஸ்ரினின் முகம் சிவந்துவிட்டது. என் காதருகே வந்தாள்.

"அம்மா, சாரி சொல்லிடு. திருப்பித் தைச்சுத் தர்றேன்னு சொல்லிடு. நாம போயிடலாம்."

அதுதான் சுலபம். இரண்டு மணி நேர வேலை. மூன்று அடுக்கை உருவிவிட்டு, கைக்குழியில் ஒரு துண்டு சேர்த்தால் தீர்ந்தது. யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. பிராண்ட் அம்மாவைப் பார்த்தேன். அவர் தன் கையெழுத்துப் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் பேசாமல் இருந்தால் தவறு அவர் தலையில் விழும்.

"நான் சொல்றதை அப்படியே சொல்லு" என்றேன் நஸ்ரினிடம்.

தமிழில் சொன்னேன். இது தவறி வந்தது இல்லை, அசல் சட்டையிலும் இப்படித்தான் இருக்கிறது, அந்த மனிதருக்கு ஒரு தோள் தாழ்ந்திருந்தது. எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் அண்ணனுக்கும் அப்படித்தான், அவனுக்கு நானே இப்படி ஒரு கோட்டில் பஞ்சு வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்காக. பெண் வீட்டுக்குத் தெரியாமல்.

நஸ்ரின் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அசலில் இருந்தபடியே தைத்ததாக அம்மா சொல்கிறார். அவ்வளவுதான்.

"மாமா பேச்சை ஏன் விட்டுட்டே?"

"அது இவங்களுக்கு எதுக்கும்மா? நம்ம வீட்டு விஷயம்."

குழுத் தலைவர் ஏற்கெனவே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். நானே பேசினேன், எனக்கு வந்த ஜெர்மனில். சாய்ந்திருப்பதற்கு ஜெர்மனில் 'ஷீஃப்' என்பார்கள். கப்பலுக்கு 'ஷிஃப்'. குறிலும் நெடிலும் தமிழச்சிக்கு மாறக் கூடாதுதான். பதற்றத்தில் மாறிவிட்டது.

"என் அண்ணன் கப்பல்" என்றேன். "இந்த ஐயாவும் கப்பல்."

ஓர் ஆள் சிரித்துவிட்டார். நஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பேச்சை விட்டுவிட்டு, என் இடது தோளைத் தாழ்த்தி, கையைத் தொங்கவிட்டு, அண்ணன் நிற்பது போல நின்று காட்டினேன். பிறகு உள்ளங்கையை மூன்று முறை தோளின் மேல் அடுக்கிக் காட்டினேன். சிரித்தவர் நிறுத்திவிட்டார்.

அப்போது நஸ்ரின் பேசினாள். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல, தகட்டுக் கட்டு விழுந்ததை, கண்ணாடி முன்னால் நின்று மாமா கேட்டதை, மறுநாள் காலை அத்தை கோட்டோடு வந்து நின்றதை, எல்லாவற்றையும் சொன்னாள். இவையெல்லாம் அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

பிராண்ட் அம்மா பெட்டியைத் திறந்து, அசலை வெளியே எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று நான் விரலால் காட்டினேன். ஒரே வரிசைத் துளை. வெகுநேரம் பார்த்தார்.

"பதிவேடு தவறு" என்றார் நிமிர்ந்து. "நானும் தவறு." பிறகு என்னிடம் கேட்டார், "ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை?"

"அவர் மறைத்தது. நான் எப்படிச் சொல்ல?" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். குழுத் தலைவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றும்போது ஃபோகல்தான், அந்த மனிதர் எப்படி இதைத் தானே மாட்டிக்கொண்டிருப்பார் என்று கேட்டார். யாராவது மாட்டிவிட்டிருப்பார்கள் என்றேன்.

ஊர்வலத்துக்கு அவர் நாடகக் கடையில் வாடகைக்கு எடுத்த உடையில் போனார். எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அருங்காட்சியகத் தச்சர் இடது தோள் தாழ்ந்த ஒரு மர உருவத்தைச் செய்தார். அதன் மேல் நான் தைத்தது ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. பலகையில் என்ன எழுதலாம் என்று பிராண்ட் அம்மா என்னைக் கேட்டுத்தான் எழுதினார். தோளைப் பற்றி எழுதுங்கள், ஆனால் உள்துணியைப் பிரித்துக் காட்ட வேண்டாம் என்றேன். அப்படியே செய்தார்.

அளவு பார்த்த அன்று பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது நஸ்ரின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு தடவை ஊருக்குப் போயிருக்கோம். மாமா தோள் அப்படின்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"நீ கவனிக்கல."

"நீ சொல்லல."



6

மர உருவத்தோடு எடுத்த போட்டோவை அண்ணனுக்கு அனுப்பியிருந்தேன். பின்னாலேயே, பள்ளி விடுமுறைக்கு நாங்களும் ஊருக்குப் போனோம். மாம்பழக் காலம் முடிந்துகொண்டிருந்தது. அண்ணன் இப்போது ஓசூரிலேயே வீடு கட்டிவிட்டான். சல்மா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் ஷிப்டுக்குப் போகிறாள்.

அண்ணி சல்மாவின் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே தொடங்கினார்.

"போட்டோல இருந்த கோட்டு நீ தைச்சதா?"

"ஆமாங்க அண்ணி."

"அதுலயும் பஞ்சு வெச்சியா?"

"வெச்சேன். இந்தத் தடவை சொல்லிட்டேன். கொஞ்சம் லேட்டா."

அவர் சட்டையின் கையைத் திருப்பிப் போட்டார். இருபது வருடம் சொல்லாமல் விட்டதை அப்போதும் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அண்ணன் கோட்டுக்கு நான் உங்ககிட்ட மன்னிப்பே கேக்கல அண்ணி. இப்ப கேக்கறேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உங்கண்ணன் தோளுக்காகக் கோவிச்சுக்கினேன்னு நீங்க எல்லாரும் நினைச்சுக்கினு இருக்கீங்க. தோளு சாஞ்சா என்னா? அவரு மாதிரி மனுசன் எனக்கு வேற எங்க கெடைப்பாரு? அது இல்ல மைமூனு. அன்னிக்கு சாட்சிக்காரங்க வந்து, சம்மதமாம்மான்னு மூணு தடவை கேட்டாங்க. நானும் மூணு தடவை சம்மதம்னு சொன்னேன். எதுக்குச் சம்மதம்னு ஒருத்தரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் சம்மதம்னுதான் சொல்லியிருப்பேன். அதை நான் தெரிஞ்சு சொல்லியிருக்கணும். அதுக்குத்தான் நீங்க வழி இல்லாம பண்ணிட்டீங்க."

அழாமல்தான் சொன்னார். எனக்குத்தான் கண் கலங்கியது. மன்னிச்சிருங்க என்று மறுபடி சொன்னேன். அவர் தலையை லேசாக அசைத்துவிட்டு, யூனிபாரத்தை மடித்து என்னிடம் நீட்டினார். வாங்கி வைத்தேன்.

"சல்மாவுக்கு வேப்பனப்பள்ளியிலேர்ந்து ஒரு இடம் வந்திருக்குது" என்றார் சற்று நேரம் கழித்து. "பையன் மாங்கூழ் ஆலையில சூப்பர்வைசரு. உங்கண்ணன் போனாருன்னா அவங்க மாந்தோப்பைப் பாத்துட்டுத் திரும்பிடுவாரு. நீ போ. பையனைப் பாரு. பாத்ததை அப்படியே சல்மாகிட்ட வந்து சொல்லு."

இருபது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. நான் பதில் சொல்வதற்குள், நஸ்ரினோடு வாசலில் உட்கார்ந்திருந்த சல்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அத்தை எதுக்கு வந்து சொல்லணும்? நானே வரேன்."

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "முக்காட்டை ஒழுங்காப் போட்டுக்கினு போ" என்றார்.

7

பெண்ணே மாப்பிள்ளை பார்க்க வருகிறாள் என்று சொல்லி அனுப்பியதில் வேப்பனப்பள்ளி வீட்டில் கொஞ்சம் குழப்பம்தான். ஆனாலும் மரியாதையாக வரவேற்றார்கள். மாம்பழம் நறுக்கி வைத்தார்கள். பையன் எதிரே உட்கார்ந்தான், இருபத்தாறு வயது இருக்கும், வெள்ளைச் சட்டை. அவன் அம்மா அருகில் நின்றார். நான், சல்மா, எங்கள் பின்னால் நஸ்ரின். ஆலையைப் பற்றி நான் இரண்டு கேள்வி கேட்டேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. இன்னொன்றுக்கு அவன் அம்மா பதில் சொன்னார்.

சல்மா என்னைப் பார்க்கவில்லை. நேராக அவனைக் கேட்டாள்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லணும்னு உங்களுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார் அவன் அம்மா வேகமாக. "எம்புள்ளைக்கு ஒரு குறையும் கெடையாது."

பையன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"வலது காது கேக்காதுங்க" என்றான். "சின்ன வயசுல காய்ச்சல் வந்து போயிருச்சு. அந்தப் பக்கம் நின்னு பேசினா எனக்குத் தெரியாது. திமிருன்னு நெனைச்சுக்குவாங்க."

அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சல்மா எதிரே, அவனுடைய வலது காதுப் பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். சிறிது நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் அவனுடைய இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். நஸ்ரின் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றாள் சல்மா. "கல்யாணம் ஆனாலும் நான் ஷிப்டுக்குப் போறதை விட மாட்டேன். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா காலையில அஞ்சு மணிக்குக் கெளம்பணும். சம்மதமான்னு யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். தட்டில் இருந்த மாம்பழத்தில் யாரும் கை வைக்கவில்லை, நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.